பையானைக் கணக்கிட்டுக் காண்பது

பையானும் ரோவும் ஒரே சரக்கில் செய்த இரண்டு துகள்கள். இரண்டிலும் அடிப்படையாக இருப்பவை ஒரு குவார்க்கும் ஓர் எதிர்குவார்க்கும். ரோவில் அவ்விரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் பார்க்கிறது. பையானில் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கிறது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் நிறையைப் பார்த்தால் ரோ 77.5 கோடி எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, பையான் 14 கோடிதான் தேறுகிறது. (நிறையை ஆற்றலின் அலகில் சொல்வது துகள் இயற்பியலாளர்களின் வழக்கம்.) உள்ளே இருக்கும் குவார்க்குகளைத் தனித்தனியே கணக்கில் எடுத்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. மேல் குவார்க்குக்குச் சுமார் 22 லட்சம், கீழ் குவார்க்குக்குச் சுமார் 47 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் ஒரு கோடியைத் தொடவில்லை. பையான் அதைப் போல 20 மடங்கு, ரோ 110 மடங்குக்கும் மேல். இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது, ஒரே சரக்கில் செய்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று கேட்டால், துகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஜப்பானிய இயற்பியலாளர் ஹிதெகி யுகாவா 1935-இல், அணுக்கருவில் புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துப் பிடிக்கும் விசைக்கு இடையாள் ஒன்று தேவை என்று ஊகித்தார். 1947-இல் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு அதை ஒளிப்படத் தகடுகளில் கண்டுபிடித்தது. அதுதான் பையான். குவார்க்கும் எதிர்குவார்க்கும் சேர்ந்த துகள்களுக்கு மீசான் என்று பெயர். அவற்றில் மிக இலேசானது இது. இதன் உள்ளமைப்பை அறிய இன்று கணினியில் காலவெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. லாட்டிஸ் கணக்கீடு என்பார்கள். அதைப் பற்றிக் கேள்விப்படும் பலருக்கும் எழும் முதல் ஐயம், இது உண்மையான அறிவா, கணினிக்குள் கட்டிய பொம்மை வீடா என்பது. ஆய்வுக்கூடத்தில் அளந்தது ஒன்று, கணினியில் கணக்கிட்டது வேறொன்று, முன்னதே சாட்சி, பின்னது வெறும் ஊகம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பையான் விஷயத்தில் அந்தப் பிரிவினை செல்லாது என்பதே என் வாதம். இங்கே கணக்கிடுவதும் காண்பதில் ஒரு வகைதான். அதற்கு வேண்டிய தகுதியை அது உழைத்துச் சம்பாதித்திருக்கிறது.

ஆய்வுக்கூடம் பையானை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். புரோட்டானை ஆராய ஹைட்ரஜனைக் கலத்தில் நிரப்பி அதன்மேல் எலக்ட்ரான்களை ஏவினால் போதும். பையானை அப்படிக் கலத்தில் நிரப்ப முடியாது. மின்னூட்டம் கொண்ட பையானின் சராசரி ஆயுள், ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக வெட்டினால் அதில் 26 பங்கு. ஆனால் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் பையானுக்கு நம் கடிகாரப்படி ஆயுள் நீள்கிறது. அதனால் அதைக் கற்றையாக்கி வேறொன்றின்மேல் மோதவிடலாம். 1980-களில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் என்ஏ7 சோதனையில், திரவ ஹைட்ரஜனில் இருக்கும் எலக்ட்ரான்கள்மேல் பையான் கற்றையை மோதவிட்டு, அவை சிதறிய விதத்திலிருந்து பையானின் மின்னூட்டம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணித்தார்கள். இன்று ஏற்கப்பட்டிருக்கும் ஆரம் சுமார் 0.66 ஃபெம்டோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர். குவார்க்குகளுக்குள் உந்தம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று அறிய அமெரிக்காவின் ஃபெர்மிலேப்பில் இ615 என்ற சோதனை நடந்தது. அதன் முடிவு 1989-இல் வெளியானது. பையான் கற்றை டங்ஸ்டன் உலோகத்தில் மோதும். பையானின் எதிர்குவார்க் ஒன்று டங்ஸ்டன் கருவில் இருக்கும் குவார்க்குடன் சேர்ந்து அழியும். அந்த ஆற்றல் மியூவான் என்ற துகள்களின் இணையாக வெளிவரும். அளந்தது மியூவான்களை. பையானின் உட்பக்கம் அதிலிருந்து கணித்தெடுத்தது. டங்ஸ்டனின் உட்பக்கம் இன்னது என்றும், விசையின் திருத்தங்கள் இவ்வளவு என்றும் கோட்பாட்டைக் கொண்டு முடிவு செய்த பிறகே அந்தக் கணிப்பு நடந்தது.

கருவி தரும் தடயமும் அதன் பொருளும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. பவலுக்குச் சில ஆண்டுகள் முன்பே கல்கத்தாவில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்பூ போன்ற உயரமான இடங்களில் வைத்து அண்டக்கதிர்த் துகள்களின் தடங்களைப் பதிவு செய்தார்கள். எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள்கள் என்று 1941-இல் வெளியிடவும் செய்தார்கள். போர்க்காலத்தில் நல்ல தகடுகள் கிடைக்கவில்லை. கையில் இருந்த தகடுகளைக் கொண்டு பையானையும் மியூவானையும் பிரித்தறிய முடியாமல் போயிற்று. தடம் கண்முன்னே இருந்தும், அதிலிருந்து நிறையைக் கணிப்பதில் இருந்த பிழை எல்லைதான் கண்டுபிடிப்பைத் தடுத்தது. சௌதுரியின் பெயர் பாடநூல்களில் இடம்பெறாமல் போனது நமக்குப் பேரிழப்பு. எந்த அளவீடும் அதன் பிழை எல்லையை நம்பித்தான் நிற்கிறது, அது தகட்டில் எடுத்ததானாலும் கணினியில் எடுத்ததானாலும்.

கணினியில் என்ன செய்கிறார்கள்? குவார்க்குகளைக் கட்டிப்போடும் வலிய விசையின் கோட்பாடு 1973 வாக்கில் உருவாகி முடிந்தது. குவார்க்குகளுக்கிடையே விசையைச் சுமப்பவை குளுவான்கள். குவார்க்குகள் மிக நெருங்கினால் இந்த விசை தளர்கிறது, விலகினால் இறுகுகிறது. தளர்ந்த இடத்தில் தாளும் பேனாவும் வைத்துக் கணக்கிடலாம். பையானின் அளவுக்கு விலகிவிட்டால் அந்தக் கணக்கு பிடிபடாது. 1974-இல் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். வெளியையும் காலத்தையும் தொடர்ச்சியாக வைக்காமல், புள்ளிக் கோலத்தைப் போல ஒழுங்கான புள்ளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். குவார்க்குகள் புள்ளிகளில் இருக்கும். குளுவான்கள் புள்ளியையும் புள்ளியையும் இணைக்கும் கோடுகளில் இருக்கும். நான்கு புள்ளிகளைச் சுற்றி வந்து மூடும் மிகச் சிறிய சதுரம்தான் குளுவான் ஆற்றலின் அளவுகோல். கோலத்துக்குத் தரை இரண்டு திசை, இதற்கு நான்கு. வாசலில் போடும் கோலத்தில் கோடு எப்படி வளைய வேண்டும் என்பதைப் போடுபவர் முடிவு செய்கிறார். இங்கே ஒவ்வொரு கோடும் எந்த மதிப்பையும் எடுக்கலாம். எந்த அமைப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்பதைக் கோட்பாடு முடிவு செய்கிறது.

இந்தக் கோலத்தின் பரப்பைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியின் மூன்று திசைகளில் தலா 64 புள்ளி, காலத் திசையில் 128 புள்ளி என்று வைப்பது இன்று சாதாரணம். மொத்தம் 3 கோடியே 35 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நான்கு கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டு எண்கள். பெருக்கினால் நூறு கோடியைத் தாண்டுகிறது. நூறு கோடி எண்கள் எடுக்கக்கூடிய எல்லா மதிப்புகளையும் கூட்டிப் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே பானைச் சோற்றுக்குப் பதம் பார்ப்பதைப் போல மாதிரி எடுக்கிறார்கள். கோட்பாடு எந்த அமைப்புக்கு அதிக எடை தருகிறதோ அது அதிகமாக வரும்படி, சில நூறோ சில ஆயிரமோ அமைப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அளந்து, சராசரி எடுக்கிறார்கள். மாதிரி எடுப்பதால் விடையோடு பிழை எல்லையும் தானாகவே வந்து சேர்கிறது. ஓர் இடத்தில் குவார்க்கையும் எதிர்குவார்க்கையும் பிறப்பித்து, காலத் திசையில் தள்ளி இன்னோர் இடத்தில் அவற்றைப் பிடித்து, இடைப்பட்ட தொடர்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்த்தால் அந்தத் தேய்வின் வேகம்தான் துகளின் நிறை. கோயில் மணியை அடித்ததும் முதலில் பல ஒலிகள் கலந்து கேட்கும். அவை ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒரே ஒரு நீண்ட கார்வை நிற்கும். இங்கே முதலில் அடங்குபவை கனமான துகள்கள். கடைசிவரை நிற்கும் கார்வை பையான்.

இந்த முறையின் உள்ளே ஒரு பெரிய வசதியும் ஒரு பெரிய தடையும் ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன. உண்மையான காலத்தில் ஒவ்வோர் அமைப்பின் பங்கும் கூட்டலும் கழித்தலுமாக அலைந்து ஒன்றையொன்று அடித்துவிடும். மாதிரி எடுக்க வழியே இராது. எனவே காலத்தை நான்காவது இடத்திசையைப் போல மாற்றிவிடுகிறார்கள். கணிதத்தில் இதைக் கற்பனைக் காலம் என்பார்கள். மாற்றியதும் எல்லா எடைகளும் நேர்ம எண்களாகிவிடும், மாதிரி எடுக்கலாம். நிறையோ ஆரமோ இந்த மாற்றத்தால் கெடுவதில்லை. ஆனால் பையானின் மொத்த உந்தத்தில் ஒரு குவார்க் எத்தனை பங்கைச் சுமக்கிறது என்ற கேள்விக்கு, ஒளிக்கதிர் இணைக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொடர்பு தேவைப்படுகிறது. கற்பனைக் காலத்தில் ஒளிக்கதிரே இல்லை. நான்கு திசையும் ஒன்றுபோல் இருக்கும் உலகில் தூரம் சுழி என்றால் இரண்டும் ஒரே புள்ளி என்றுதான் பொருள். பல பத்தாண்டுகள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். பங்கீட்டின் சராசரி, வர்க்கத்தின் சராசரி என்று ஓரிரண்டு எண்களை மட்டும் எடுக்க முடிந்தது. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை அறிந்து, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று அறியாமல் இருப்பதைப் போன்ற நிலை அது.

2013-இல் ஷியாங்டாங் ஜி இந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தார். ஒளிக்கதிர் வழியே பார்க்க முடியாவிட்டால், ஒரே கணத்தில் வெளியில் தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பாருங்கள். பையானை மட்டும் அந்தத் திசையில் மிக வேகமாக ஓடவிடுங்கள் என்றார். வேகம் கூடக்கூட இந்தப் படம் ஒளிக்கதிர் வழியே தெரியும் படத்தை நெருங்கும். மிச்சம் இருக்கும் வேறுபாட்டை, விசை தளர்ந்த பகுதிக்குப் பொருந்தும் தாள்–பேனாக் கணக்கைக் கொண்டே திருத்திவிடலாம். சில ஆண்டுகளில் அனடோலி ராடியுஷ்கின் இதற்கு நெருக்கமான இன்னொரு வழியை முன்வைத்தார். அதன் பிறகு பையானுக்குள் உந்தப் பங்கீட்டின் முழு வளைகோட்டையும் கோட்பாட்டிலிருந்து நேரடியாக வரைய முடிந்தது. விலையும் உண்டு. நின்றுகொண்டிருக்கும் பையானின் கார்வை தெளிவாகக் கேட்கும். ஓடும் பையானின் கார்வை விரைவில் தேய்ந்து இரைச்சலில் மூழ்கும். வேகத்தை ஏற்ற ஏற்ற மாதிரிகளின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கியாக வேண்டும். இந்தத் துறையினர் தூக்கத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இரைச்சலோடு போராடித்தான்.

இனி மறுப்புகள். வெளி கட்டம் கட்டமாக இல்லையே, இல்லாத ஒன்றில் கணக்குப் போட்டு இருப்பதைப் பற்றிப் பேசலாமா என்பது நியாயமான கேள்வி. கட்டம் உண்மை என்று யாரும் சொல்லவில்லை. புள்ளிகளின் இடைவெளியை 0.12 ஃபெம்டோமீட்டர் என்று வைத்து ஒருமுறை, 0.09 என்று ஒருமுறை, 0.06 என்று ஒருமுறை கணக்கிடுகிறார்கள். விடைகள் எந்த வழியில் நகர்கின்றன என்று பார்த்து, இடைவெளி சுழியாகும் இடத்துக்கு நீட்டுகிறார்கள். குவார்க்கைப் புள்ளிகளில் அமர்த்தும் முறையும் குழுவுக்குக் குழு வேறு. இடைவெளி பெரிதாக இருக்கும்போது அவர்களின் விடைகள் விலகி நிற்கும். சுழியை நோக்கிப் போகப்போக ஒரே இடத்தில் கூடியாக வேண்டும். கூடாவிட்டால் எங்கோ தவறு. பெட்டியின் அகலமும் அப்படித்தான்: பையான் நெருக்கடி இல்லாமல் இருக்க ஏறத்தாழ 6 ஃபெம்டோமீட்டர் தேவை. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் சரிபார்த்தார்களா என்று ஒவ்வொரு வெளியீட்டையும் எடுத்து, நட்சத்திரம், வட்டம், சிவப்புச் சதுரம் என்று வெளிப்படையாக மதிப்பிடும் கூட்டுக் குழு ஒன்றும் இத்துறையில் இயங்குகிறது. தன் வேலையை இப்படிப் பொதுவில் வைத்துத் தரம்பிரிக்கும் துறைகள் அதிகம் இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: கணினியில் போட்டதுதானே வெளியே வரும்? போடுவது என்ன என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பையான் கணக்குக்கு மூன்று எண்களை மட்டும் இயற்கையிடமிருந்து கடன் வாங்கினால் போதும். பையானின் நிறையைக் கொண்டு இலேசான குவார்க்கின் நிறையையும், கேயான் என்ற மீசானின் நிறையைக் கொண்டு அதில் உள்ள விசித்திரக் குவார்க்கின் நிறையையும், வேறொரு துகளின் நிறையைக் கொண்டு அளவுகோலையும் நிலைநிறுத்துகிறார்கள். அதற்குமேல் கணக்கில் திருகுவதற்குத் திருகாணி எதுவும் மிச்சமில்லை. ரோவின் நிறை, புரோட்டானின் நிறை, பையானின் ஆரம், உந்தப் பங்கீடு எல்லாம் வெளியே வருபவை. 2008-இல் புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் குழு இப்படித்தான் இலேசான துகள்களின் நிறைகளை வரிசையாகக் கணக்கிட்டு, அளவீட்டோடு சில சதவீதத்துக்குள் பொருத்திக் காட்டியது. பொருத்திக் காட்டுவது எளிது, விடை முன்பே தெரியுமே என்பவர்களுக்கு 2004-இன் கதையைச் சொல்லலாம். அடிக் குவார்க்கும் சார்ம் குவார்க்கும் சேர்ந்த பி-சி மீசானின் நிறை அப்போது துல்லியமாகத் தெரியாது. லாட்டிஸ் குழுக்கள் 630.4 கோடி எலக்ட்ரான் வோல்ட் என்று முன்கூட்டிச் சொல்லின. அடுத்த ஆண்டு ஃபெர்மிலேப்பின் சிடிஎஃப் சோதனை அளந்தது 628.7 கோடி. வேறுபாடு கால் சதவீதத்துக்குச் சற்றே மேல்.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது மியூவானின் காந்தத்தைச் சுற்றி நடந்த விவகாரம். மியூவானின் காந்த வலிமைக்குக் கோட்பாடு சொல்லும் மதிப்பில் மீசான்களின் பங்கும் கலந்திருக்கிறது. 2020-இல் வெளியான கூட்டு மதிப்பீடு அந்தப் பங்கை, எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி முக்கியமாகப் பையான் இணைகளைத் தரும் சோதனைகளின் அளவீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த மதிப்பு ஃபெர்மிலேப் அளந்ததோடு முரண்பட்டதால் புதிய இயற்பியலே வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். 2021-இல் அதே புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் குழு லாட்டிஸ் வழியில் அதே பங்கைக் கணக்கிட்டு, முரண்பாடு அவ்வளவு பெரிதல்ல என்றது. கணினிதான் தவறியிருக்கும் என்று எண்ணியவர்கள் பலர். 2023-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் சிஎம்டி-3 சோதனை பையான் இணைகளைப் புதிதாக அளந்தபோது, முந்தைய சோதனைகளோடு ஒத்துப்போகாமல் லாட்டிஸ் விடையின் பக்கம் சாய்ந்தது. வேறு லாட்டிஸ் குழுக்களும் அதே பக்கம் வந்து சேர்ந்தன. 2025-இல் வெளியான புதிய கூட்டு மதிப்பீடு லாட்டிஸ் விடையையே அடிப்படையாகக் கொண்டது, முரண்பாடும் கரைந்தது. அளவீடுகளே ஒன்றோடொன்று மோதிய இடத்தில் கணக்கீடு சாட்சிக்கூண்டில் ஏறி நின்றது. அதை ஊகம் என்று ஒதுக்கியிருந்தால் இல்லாத புதிய இயற்பியலை இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

கணினியால் செய்ய முடிந்து ஆய்வுக்கூடத்தால் ஒருபோதும் செய்ய முடியாத ஒரு சோதனையும் உண்டு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. யோய்ச்சிரோ நம்பு 1960-களின் தொடக்கத்தில், பையான் இலேசாக இருப்பதற்குக் காரணம் மறைந்துகிடக்கும் ஒரு சமச்சீர்மை என்றார். அதன்படி குவார்க்கின் நிறையை முற்றிலும் சுழியாக்கினால் ரோவின் நிறை பெருமளவு அப்படியே நிற்கும்; பையானின் நிறை மட்டும் சுழிக்கே போய்விடும். இயற்கையில் குவார்க்கின் நிறையைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் ஆகாது. லாட்டிஸில் அது நாம் இடும் ஓர் எண். நெடுங்காலம் கணினிகளுக்கு வலு போதாமல் குவார்க்குகளை உண்மையைவிடக் கனமாக வைத்துத்தான் கணக்கிட்டார்கள். பின்னடைவாகத் தோன்றிய அதுவே ஒரு கொடையாயிற்று. நிறையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது, பையான் நிறையின் வர்க்கம் குவார்க் நிறையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கி வந்தது. நம்பு சொன்ன இறக்கத்தை எண்களாகப் பார்க்க முடிந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மையான குவார்க் நிறையிலேயே கணக்கிடும் வலுவும் வந்துவிட்டது.

இவ்வளவு கணினி நேரத்தையும் மின்சாரத்தையும் இதில் கொட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பயன்பாட்டுப் பட்டியல் போட்டுப் பதில் சொல்ல விரும்பவில்லை. இந்தக் கணக்குகளுக்காகவே கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் எடின்பரோவினரும் ஐபிஎம்முடன் சேர்ந்து வடிவமைத்த எந்திரம், பின்னர் வந்த ப்ளூ ஜீன் மீக்கணினிகளுக்கு முன்னோடி என்பது மட்டும் குறிப்பிடத் தக்கது. நாம் சுமக்கும் எடையில் மிகப் பெரும்பங்கு குவார்க்குகளின் சொந்த நிறை அல்ல, அவற்றைக் கட்டிப்போடும் விசையின் ஆற்றல். அது எப்படி உண்டாகிறது என்று அறிவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இன்று இல்லை. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் லாட்டிஸ் முறையில் துகள்களை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். ஃபெர்மிலேப்பைப் போன்ற முடுக்கி நம்மிடம் இல்லை. முடுக்கி இல்லாமலே இந்தக் கேள்வியின் நடுவில் நிற்க வழி தருவது இந்த முறை.

ஆரத்தைப் பொறுத்தவரை இரு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. லாட்டிஸ் தரும் விடையும் 0.66 ஃபெம்டோமீட்டரை ஒட்டியே நிற்கிறது. உந்தப் பங்கீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை. ஒரே குவார்க் பையானின் உந்தம் முழுவதையும் தானே சுமக்கும் நிலையை நெருங்கும்போது, அதற்கான வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுழியை நோக்கிச் சரிகிறது என்பது தகராறு. இ615-இன் முதல் பகுப்பாய்வு மிச்சப் பங்கின் முதல் அடுக்கை ஒட்டிச் சரிவதாகக் காட்டியது. கோட்பாட்டு வாதங்கள் சில இரண்டாம் அடுக்கை எதிர்பார்த்தன. 2010-இல் ஐஷர், ஷேஃபர், ஃபோகல்சாங் மூவரும் அதே பழைய தரவை எடுத்து, விசையின் திருத்தங்களைக் கூடுதலாகக் கணக்கில் சேர்த்தபோது அது இரண்டாம் அடுக்கை ஒட்டி வந்தது. தரவு ஒன்று, விடை இரண்டு. லாட்டிஸ் குழுக்களின் விடைகளும், எந்த வழியில் வளைகோட்டை மீட்டெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் இடையே அலைகின்றன. அந்த ஓரத்தை எட்ட இன்னும் வேகமான பையான் வேண்டும்.

கேயானின் நிலை இன்னும் சுவையானது. பையானின் இலேசான குவார்க்குகளில் ஒன்றுக்குப் பதிலாக விசித்திரக் குவார்க் அமர்ந்தால் அது கேயான். கனமான அந்தப் பங்காளி உந்தத்தில் கூடுதல் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதன் உந்தப் பங்கீட்டைப் பற்றிக் கையில் இருக்கும் சோதனைத் தரவு பெரும்பாலும் செர்னின் என்ஏ3 சோதனை 1980-இல் வெளியிட்ட, பையானோடு ஒப்பிட்ட விகிதப் புள்ளிகள் சிலவே. செர்னில் ஆம்பர் சோதனை பையான் கற்றையையும் கேயான் கற்றையையும் பயன்படுத்தத் திட்டமிட்டிருக்கிறது. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவனில் எலக்ட்ரான்–அயனி மோதி 2030-களுக்கென உருவாகிறது. புரோட்டானைச் சுற்றி மிதக்கும் பையான், கேயான் மேகத்தை அது துழாவும். கேயானுக்கான லாட்டிஸ் வளைகோடுகள் பிழை எல்லையோடு இப்போதே வெளியாகத் தொடங்கிவிட்டன. விசித்திரக் குவார்க்கின் பங்கு எவ்வளவு கூடுதல் என்ற எண் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அளந்து பார்க்கும் கற்றைதான் இனி வர வேண்டும்.